நாலு சில்லும் இழுக்கும்

ஜனவரி 11, ஞாயிறு

எங்கள் வான் வண்டி இன்று செத்தது. மரக்கறி வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தால் அது அசைய மறுத்தது. பதினான்கு வயது. இழுத்துப்போக வந்தவன் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

வீடு திரும்பும் பேருந்திலேயே என் கணவர் தீர்மானித்துவிட்டார். ஏழு பேர் இருக்கக்கூடிய எஸ்யூவி.

"ஜூலையில பெரியக்கா குடும்பம் வருது. அவையள் அஞ்சு பேர். நாங்கள் ரெண்டு. கணக்குச் சரி."

பெரியக்கா என்பது பாரிஸில் இருக்கும் இவருடைய தமக்கை, இராசமலர் மச்சாள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை விமான நிலையத்துக்குப் போய் ஏற்றாமல் ரக்சி பிடித்து வரச்சொன்ன குடும்பம் ஒன்று இங்கே ஸ்காபரோவில் இருக்கிறது. அது நடந்து பல வருடம். இன்றைக்கும் ஊருக்குள் அவர்களுக்கு அடையாளம் அந்த ரக்சிதான். இவருக்கு அந்தப் பயம்.

பத்தொன்பது வருடமாகக் காப்புறுதி நிறுவனமொன்றில் கார் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். கார்களை எனக்கு மோதிய பிறகுதான் தெரியும். யாராவது ஒரு காரைப் புகழ்ந்தால் அதன் நசுங்கிய முகம் கண்ணுக்கு முன் வந்துவிடும்.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன், முக்கியம் என்பதால் அல்ல. நவம்பரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். சட்பரிக்கும் வடக்கே, இங்கிருந்து ஆறு மணிநேரப் பயணம். மே முதல் அக்டோபர் வரை ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் குழு. பேராதனையில் நான் படித்தது நிலவியல். அதைக் கொண்டு இதுவரை ஒரு சதம் உழைத்ததில்லை. போன கிழமை கணினியில் நேர்முகம் வைத்தார்கள். நாற்பத்தொன்பது வயதுக்காரியை எடுக்கமாட்டார்கள். கிடைக்காத வேலையைப் பற்றி வீட்டில் சொல்ல என்ன இருக்கிறது?

ஜனவரி 13

பேருந்து தாமதம். கால்விரல்கள் வேறு யாருடையவோ போல் இருந்தன.

ஜனவரி 17, சனி

கார்க் கடைக்குப் போனோம். விற்பனையாளர் நம்மவர், திருக்குமரன் என்று பெயர். உட்கார முன்னமே இவருடைய ஊர், பள்ளிக்கூடம், எங்கள் கலியாணம் நடந்த மண்டபம் எல்லாம் விசாரித்து எங்கோ ஒரு சொந்தத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்.

"அப்ப நீங்கள் எனக்கு அண்ணை முறை. உங்களோட விலை கதைக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றவர் அதன்பிறகு முழு நேரமும் விலையைத்தான் கதைத்தார்.

எஸ்யூவி வெள்ளை நிறம். ஏறுவதற்கு ஒரு படி. இவர் மூன்றாவது வரிசைக்குள் நுழைந்து இருந்து பார்த்தார். முழங்கால் நாடியைத் தொட்டது.

"சின்னப் பிள்ளையளுக்கு இந்த இடம் காணும்," என்றார்.

எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஒரே மகள் அபிரா வாட்டர்லூவில் தங்கிப் படிக்கிறாள். எங்களுடன் காரில் வருவதென்றால் அவளுக்கு மூன்று நாள் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வெளியே வரும்போது மதிலோரமாக நின்ற கரும்பச்சைக் காரைப் பார்த்தேன். ஸ்டேஷன் வாகன். நீளமாக, தாழ்வாக, பின்பக்கம் கூரை வரை நேராகப் போய் முடிந்திருந்தது. கூரையில் அரையடிப் பனி.

"இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை அக்கா," என்றார் திருக்குமரன். "எங்கட சனம் உயரத்தைத்தான் கேக்கும். ஆனா இதுக்கு நாலு சில்லும் இழுக்கும். ஒண்டு வழுக்கினா மற்றது பிடிக்கும். பனி, சேறு, கல்லு ரோட்டு, எல்லாத்திலயும் போம்."

சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பிரேதம் ஏத்துற கார் மாதிரிக் கிடக்கு."

"நீட்டி நிமிந்து படுக்கலாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அடிப்பக்கம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டேன். எஸ்யூவியை விட அரை விரல் கூடவாம். பார்வைக்குத் தாழ்வு, அடியில் உயர்வு. சுவாரசியமான விஷயம். எனக்கு எந்தக் காரும் ஒன்றுதான். விசாரித்து வைப்பது பழக்கம்.

ஜனவரி 20

வேலை கிடைத்திருக்கிறது. பெப்ரவரி இரண்டாம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

பின்னேரம் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தேன். அழுக்காக இருந்தன. அடுப்பை இழுத்து அதன் பின்பக்கத்தையும் தேய்த்தேன். இவர் வேலையால் வந்து வாசலிலேயே நின்றார்.

"ஆரும் வருகினமோ?"

"ஏன், ஆரும் வந்தாத்தான் துப்புரவாக்கிறதோ?"

"இல்லை, பாடிக்கொண்டு தேய்க்கிறீர். அதுதான் கேட்டனான்."

நான் பாடவில்லை.

ஜனவரி 21

வேலைக்குப் போகாவிட்டாலும் வாகன்தான் நல்லது என்று நிறுவமுடியும். எண்ணெய் குறைவாகக் குடிக்கும். தாழ்ந்த கார் இலகுவில் கவிழாது. உயரமான கார்கள் பள்ளத்தில் மல்லாந்து கிடக்கும் படங்களை வேலையிடத்தில் வாராவாரம் பார்க்கிறேன். பின் இருக்கைகளை மடித்தால் ஆறடிக்கு மேல் நீளம் வருகிறது. தண்ணீர்ப் போத்தல்கள் வைக்கும் குளிர்ப்பெட்டிகளை ஒரு பக்கம் அடுக்கினால் மறுபக்கம் ஓர் ஆள் படுக்கலாம். நான் என்று சொல்லவில்லை. ஓர் ஆள்.

ஜனவரி 24, சனி

திருக்குமரன் எஸ்யூவியை எங்கள் வீட்டுக்கே ஓட்டிவந்தார். ஓட்டிப் பார்க்க அல்ல, பெட்டி ஏற்றிப் பார்க்க. இது இவருடைய யோசனை. நிலவறையிலிருந்து பெரிய சூட்கேஸ்கள் ஆறையும் மேலே கொண்டுவந்து, கம்பளிப் போர்வைகளும் அரிசிப் பைகளும் திணித்து, ஒவ்வொன்றையும் நிறுத்து வைத்திருந்தார்.

"வெறும் பெட்டி ஏமாத்தும். பிளேன்ல வாற பாரத்தோடதான் பாக்கவேணும்."

ஏழு இருக்கைகளையும் நிமிர்த்தியபடி பின்கதவைத் திறந்தார்கள். இரண்டு பெட்டி நின்றது. மூன்றாவதைக் குறுக்கே வைத்தார்கள், நெடுக்கே வைத்தார்கள், தள்ளினார்கள். கதவு மூடவில்லை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பனி வழிப்பதை நிறுத்திவிட்டுக் கைத்தடி மாதிரி மண்வெட்டியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"மூண்டாவது வரிசையை மடிச்சா எல்லாம் போம் அண்ணை."

"மடிச்சா ஆக்கள்?"

"ஆக்களை... ரெண்டு தரமாக் கொண்டுவரலாம்."

"ஏழு பேர் போற கார் எண்டுதானே ஐசே சொன்னீர்?"

"ஏழு பேர் போகும் அண்ணை. பெட்டியளும் போகும். ரெண்டும் ஒண்டாப் போகாது."

இவர் ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்துவிட்டார். அரிசி நெரிபடும் சத்தம் கேட்டது.

இது எனக்குக் கடையிலேயே தெரியும். சொன்னால் நம்பமாட்டார், பார்த்தால் நம்புவார் என்பதால் சொல்லவில்லை. வேறு நோக்கம் இல்லை.

ஆனால் ஓர் ஆச்சரியம். சாப்பிடும்போது, "எண்டாலும் எஸ்யூவிதான். பெட்டியளை ஜெகன்ர வானில ஏத்துவம்," என்றார். ஜெகன், தபால் கந்தோரில் இவருடன் வேலை செய்பவர். காரணம் விழுந்துவிட்டது, முடிவு மட்டும் நிற்கிறது. கோரிக்கைகளில் இப்படி வந்தால் உள்ளே வேறு காரணம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கிண்டிப் பார்ப்போம். இங்கே நான் கிண்டவில்லை.

ஜனவரி 31, சனி

காலையிலிருந்து பனி கொட்டியது. வாகனை ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது என்று நான்தான் சொன்னேன். திருக்குமரன் கார்த் திறப்பைக் கையில் தந்துவிட்டுக் கடைக்குள்ளேயே நின்றுகொண்டார்.

ஊருக்கு வடக்கே குன்றுப் பக்கம் போனேன். தூரப் பயணம் என்றால் இந்த வீட்டில் எப்போதும் இவர்தான் ஓட்டுவார். இன்று பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பெருந்தெருவை விட்டு ஒரு சிறு வீதிக்குள் திரும்பினேன். பனி வழிக்கும் வண்டி அங்கே வந்திருக்கவில்லை. எதிரே ஒரு மேடு, வெள்ளைச் சுவர் போல. அடிவாரத்தில் ஒருவனுடைய கார் சறுக்கி ஓரம் போய் நின்றது.

"திருப்பும்," என்றார் இவர்.

திருப்பவில்லை. மெதுவாக ஏறினேன். நடுவில் பின்பக்கம் ஒருகணம் நழுவியது. எங்கோ அடியில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. கார் தோளைக் குலுக்கி நிமிர்ந்ததுபோல் இருந்தது. பிறகு ஒரே இழுவையில் உச்சி. மறுபக்கம் வயல்கள், வேலிகள், எல்லாம் வெள்ளை, யாரும் இல்லை. ஹோர்னை இரண்டு தடவை அடித்தேன். மான் ஏதும் குறுக்கே வரலாம்.

அந்த உச்சியில்தான் சொன்னேன். கண்ணை வீதியில் வைத்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது.

"எனக்கு வேலை ஒண்டு கிடைச்சிருக்கு."

"ஏரி வேலையோ?"

கால் தடுமாறியது. கார் தடுமாறவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கார்த்திகையில இருந்து நிலவறையில ஒரு சோடி வேலைச் சப்பாத்து கிடக்கு. முன்னுக்கு இரும்பு வைச்சது. உம்மட அளவு. காப்புறுதிக் கந்தோருக்கு எதுக்கு அது? அபிராவைக் கேட்டன். அவள் 'அம்மாவைக் கேளுங்கோ' எண்டாள். பிறகு ஒருநாள் நீர் கணினியோட இங்கிலீஷில ஏரி, ஏரி எண்டு கதைச்சது கேட்டுது."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் சொல்லுவீர். சொன்னா நான் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லவேணும்." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "வீடு கொள்ளாத காரா எடுத்தா, அதைக் கொண்டு நீர் தனிய ஒரு இடமும் போகமாட்டீர் எண்டு நினைச்சன். விசர் யோசினைதான்."

சப்பாத்தைப் பற்றி இதில் நான் எழுதவில்லைதான். கழிவு விலையில் கிடைத்தது, வாங்கினேன்.

"ஆறு மாசம்தானே," என்றேன். "ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வருவன்."

"அக்கா வரேக்க?"

"வேலையில நிப்பன்."

வீட்டுக்காரி இல்லாத வீட்டுக்குத் தமக்கையை அழைப்பதா? அவர் அதைக் கேட்கவில்லை. இல்லாத பிரேக்கையும் மிதிக்கவில்லை.

பெப்ரவரி 1

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பனி வழித்துக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தோம். "உம்மட பக்கம் கோணல்," என்றார். நேற்றிலிருந்து பேசிய முதல் வார்த்தை.

பெப்ரவரி 2, திங்கள்

மதிய இடைவேளையில் அழைத்து, வருகிறேன் என்று சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் பேசிய பெண் சிரித்து, "இவ்வளவு சத்தமாக யாரும் ஒத்துக்கொண்டதில்லை," என்றாள்.

பிறகு என் காரைப் பற்றிக் கேட்டேன். கல் வீதிகளுக்கு வாகன் போதுமா, குளிர்ப்பெட்டிகள் எத்தனை என்று. அவளுக்கு விளங்கவில்லை. சொந்தக் காரை யாரும் ஏரிப் பாதைகளில் விடுவதில்லையாம். நிலையத்தில் பிக்கப் வண்டிகள் நிற்கின்றனவாம். நான் பேருந்திலேயே வரலாம், வந்து ஏற்றிக்கொள்வார்களாம்.

கல் வீதி போயிற்று. குளிர்ப்பெட்டி போயிற்று. படுக்கவிருந்த அந்த ஓர் ஆளும் போய்விட்டார்.

இப்போது பார்த்தால், ஓர் ஆள் வேலைக்குப் போய்வர எந்தச் சிறிய காரும் போதும். இவருக்காக எஸ்யூவியும் எடுக்கலாம். நியாயமாக யோசித்தால் இங்கே விவாதிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தக் கரும்பச்சைக் காரை இதற்குள் யாராவது வாங்கியிருப்பார்களோ என்று பின்னேரம் இரண்டு தடவை கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன்.

விழுந்த காரணத்தையும் நிற்கும் முடிவையும் பற்றி இவரைக் குறித்து எழுதியது நினைவுக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டுப் பருப்பு ஊறப்போட்டேன்.

பெப்ரவரி 4

சொல்லிவிட்டேன். சோற்றைப் போட்டுக்கொண்டே.

"வேலைக்கு ஓம் எண்டிட்டன். வாகனம் அவையளே தருவினமாம்."

இவர் அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்திருந்தார். "அப்ப அந்தப் பச்சைக் கார் தேவையில்லை."

"தேவையில்லை."

"அப்ப எஸ்யூவியையே எடுப்பம்."

"இல்லை."

"ஏன்?"

எண்ணெய்ச் செலவு, கவிழாத தன்மை, திரும்ப விற்கும் விலை எல்லாம் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் உண்மைதான். ஒன்றும் பதில் அல்ல.

"எனக்கு அது வேணும்."

அவ்வளவுதான் சொன்னேன். என் காதுக்கே அது புதிதாக இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லும்," என்றார்.

"ஏன், காது கேக்காதோ?"

"இருபத்திமூண்டு வருசத்தில நீர் இப்பிடி ஒண்டும் கேட்டதில்லை. கூறைச் சேலை எடுக்கேக்க நானும் அக்காவும் கேக்கிறம், பிடிச்சிருக்கோ எண்டு. நீர் சொன்னனீர், 'இது சாயம் போகாது' எண்டு."

"போகேல்லைத்தானே?"

"போகேல்லை. ஆனா பிடிச்சிருந்ததோ எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

"பிடிச்சதுதான்," என்றேன்.

முகம் சுட்டது. குழம்பின் ஆவி. இவர் அப்பளத்தை உடைத்துப் பெரிய துண்டை என் தட்டில் வைத்தார்.

பெப்ரவரி 7, சனி

கரும்பச்சை இன்னும் அங்கேயே நின்றது. எடுத்துவிட்டோம். திருக்குமரன் என்னிடம் திறப்பை நீட்ட முன்னம் இவரைப் பார்த்தார். "அவவிட்டக் குடும். நான் பஸ்ஸில போறன். தபால் கந்தோர் என்ன சந்திரனிலயே கிடக்கு?" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பாரிஸுக்கு அழைத்தார். தொலைபேசியை மேசையில் வைத்து, நானும் கேட்கும்படி. வேண்டாம் என்று கை காட்டினேன். பார்க்காத மாதிரி இருந்தார்.

"அக்கா, கார் எடுத்திட்டம்."

"ஏழு பேர் போறதோ?"

"அஞ்சு."

"எடேய், அப்ப நாங்கள் என்ன டிக்கிக்குள்ளயோ வாறது?"

"ஜெகன்ர வானும் வரும். அதில்லை விசயம். நீங்கள் வரேக்க சுபோதினி வீட்டில நிக்கமாட்டா. வடக்கில அவவுக்கு வேலை. ஏரித் தண்ணி பரிசோதிக்கிறது. படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை."

அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அப்ப ஆர் சமைக்கிறது?"

"நான்."

"நீயோ? தண்ணி கொதிக்க வைச்சாலும் உனக்கு அடிப்பிடிக்கும்."

"அப்ப கடையில எடுப்பன். ஆருக்கும் குறையெண்டா என்னைச் சொல்லட்டும். அவவைச் சொல்லக்கூடாது."

இவர் கழுத்து சிவந்திருந்தது. இந்த மனிதர் தமக்கையிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மூக்கைத் துடைத்தேன். வெளிக்குளிரில் இருந்து வந்தால் அப்படித்தான்.

"சுபோ பக்கத்தில நிக்கிறாவோ?"

"ஓம் மச்சாள், நிக்கிறன்."

"எத்தினை ஏரி?"

"நாப்பதுக்குக் கிட்ட."

"நாப்பதோ! ஒவ்வொண்டுக்கும் இறங்கித் தண்ணி எடுக்கிறனீரோ?"

"வள்ளத்தில போய் நடுவில எடுக்கவேணும்."

"வள்ளத்தில." மச்சாள் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்ப்பது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். உம்மட காரில அஞ்சு பேர் எண்டான் தம்பி. எனக்கு ஒரு இடம் காணும். மற்றவையைக் கொத்து ரொட்டியோட அவனிட்ட விட்டிட்டு வாறன். நீர் வந்து என்னை ஏத்தும். இருவத்தெட்டு வருசமா எந்த நாட்டுக்குப் போனாலும் எனக்குக் காட்டுறது கோயிலும் நகைக்கடையும்தான். ஒரு நாய் ஒரு ஏரி காட்டினதில்லை."

"அக்கா, அப்ப நான்?" என்றார் இவர்.

"நீ சமை."

பெப்ரவரி 15

கோயிலில் வாகன பூசை. நான்கு சில்லுக்கும் நான்கு தேசிக்காய். குளிரில் அவை கல்லாக உறைந்திருந்தன. முன்னுக்கு எடுத்தேன், நசியவில்லை, கார் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஐயர் மேல்கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நாலிலயும் ஏறிட்டுது. இது எதிலயும் ஏறும். நீங்கள் போயிட்டு வாங்கோ," என்று விபூதி தந்தார்.

இந்தச் சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐயரின் அவதானிப்பு சரியானது.

மே 3, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டேன். ஏரி நிலையத்தின் சிறு அறை. கட்டில், மேசை, நுளம்பு வலை. வெளியே தண்ணீரின் ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி.

காலையில் இவர் காரின் பின்புறத்தைத் தானே அடுக்கினார். மிளகாய்த்தூள், அரிசி, சப்பாத்து. அடுக்கிவிட்டு நின்று பார்த்து, "எல்லாம் போய்ட்டுது," என்றார். பிறகு, "நான் வரட்டோ, பாதித் தூரம்?" என்று கேட்டார். பாதித் தூரத்திலிருந்து எப்படித் திரும்புவீர்கள் என்றேன். அதை அவர் யோசிக்கவில்லை. கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். முதல் சந்தி வரை கண்ணாடியில் தெரிந்தார்.

சட்பரிக்குப் பிறகு பாறைகள் தொடங்கின. இளஞ்சிவப்பும் கறுப்புமாக, வரிவரியாக. பெயர்கள் தாமாக வாய்க்கு வந்தன. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். காரில் யாரும் இல்லை.

கடைசிப் பகுதி கல் வீதி. பனி கரைந்து நடுவில் சேறு. ஒரு செங்குத்தான மேடு வந்தது. சில்லுகள் ஒன்றிரண்டு முறை சுற்றின, கல் தெறித்தது, பிறகு நான்கும் ஒன்றாகப் பிடித்தன. மேலே வந்ததும் ஏரி முழுவதும் கண்ணுக்குள் விழுந்தது. கீழே நிலையத்தின் வாசல் தெரிந்தது. ஒரு பெண் கையசைத்தாள்.

நானும் கையசைத்தேன். பிறகு காரைத் திருப்பி, மேட்டின் அடிவாரம் வரை இறங்கிப் போய், இன்னொருமுறை ஏறி வந்தேன்.

காரணம் ஒன்றும் இல்லை.